ஒரு தப்பு நடந்தால் அடுத்த பத்து நிமிஷம் காணாமல் போகிறாள்: ஹைஸ்கூல் சாஃப்ட்பால், யோசனை தேவை

மூன்றாம்தளத்து அப்பா

வணக்கம். அமெரிக்காவில் ஹைஸ்கூலில் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) ஆடும் பிள்ளைகளின் பெற்றோரோ, கோச்சாக இருப்பவர்களோ இங்கே இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டு பதில் சொல்லுங்கள்.

என் மகள் பத்தாவது படிக்கிறாள். இந்த வருஷம்தான் ஜேவியிலிருந்து (பள்ளியின் இரண்டாம் நிலை அணி) வார்சிட்டிக்கு (முதன்மை அணி) வந்தாள். தேர்ட் பேஸ், அதாவது மூன்றாவது பேஸைக் காக்கிற இடம். எட்டு வயதிலிருந்து ஆடுகிறவள். எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும், இந்த ஆட்டத்தை அவள் பின்னாலேயே நடந்துதான் கற்றுக்கொண்டேன். கை சுத்தம். மூன்றாவது பேஸிலிருந்து முதல் பேஸுக்கு அவள் எறிகிற பந்து கோடு போட்ட மாதிரி போகும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நான்காவது இன்னிங்ஸ், இரண்டு அவுட் (மூன்று ஆனால் அவர்கள் முறை முடிந்தது), இரண்டாவது மூன்றாவது பேஸில் ஆள் நிற்கிறார்கள். தரையோடு ஒரு பந்து, நேராக அவளிடம். தூக்கத்தில் எழுப்பிப் போட்டாலும் பிடிக்கிற பந்து. கிளவ் தரைக்கு இறங்கவில்லை, பந்து காலுக்கு நடுவே போய்விட்டது. இரண்டு ரன். சரி, யாருக்கும் நடக்கும். அடுத்து வந்த பெண் நன்றாக ஓடக்கூடியவள், இரண்டு அவுட் இருந்தாலும் பன்ட் (பேட்டால் மெதுவாகத் தட்டி உருட்டி விடுவது) போடுவாள் என்று எதிர் அணி அப்பா அம்மாக்களுக்குக்கூடத் தெரியும். அந்த நேரத்தில் என் மகள் குதிகாலை ஊன்றி நின்று, தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்ட் விழுந்து, உருண்டு, கிட்டத்தட்ட நின்ற பிறகுதான் கிளம்பினாள். எனக்கு அந்த இரண்டாவது பந்துதான் வயிற்றைக் கலக்கியது.

கோச் அவளை அடுத்த இன்னிங்ஸில் வெளியே எடுத்தார். டக்அவுட்டின் (அணி உட்காரும் இடம்) கடைசி மூலையில் போய் உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள், கத்துகிறார்கள். இவள் ஷூ லேஸை அவிழ்க்கிறாள், கட்டுகிறாள், மறுபடி அவிழ்க்கிறாள். ஆறாவது இன்னிங்ஸில் இவளுக்குப் பதிலாக இறங்கிய ஒன்பதாம் வகுப்புப் பெண் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தாள். மைதானமே கைதட்டியது. இவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கோச்சிடமிருந்து மெயில். திறமையில் ஒரு குறையும் இல்லை, ஆட்டிடியூடும் கவனமும் சரியானால் பழைய இடம் கிடைக்கும் என்று இரண்டே வரி.

வீட்டில் இவள் அப்படிப்பட்ட பெண்ணே இல்லை. எதிர்த்துப் பேச மாட்டாள், தம்பியை அவள்தான் படிக்க வைக்கிறாள், எந்த டீச்சரும் இதுவரை குறை சொன்னதில்லை. அதனால்தான் "ஆட்டிடியூட்" என்ற வார்த்தை என்னைக் குத்துகிறது. காரில் வரும்போது, "கிளவ்வைத் தரையிலேயே வெச்சிருக்கணும்மா" என்று ஆரம்பித்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

இது பழகினால் மாறுமா? கோச்சிடம் நான் போய்ப் பேசலாமா? இந்த வருஷத்தோடு விட்டுவிடு என்று சொல்வது சரியா? மூன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

ஏழாவது இன்னிங்ஸ்

என் மூத்த மகள் நான்கு வருஷம் ஆடி முடித்தாள், இரண்டாவது பெண் இப்போது சீனியர், ஹைஸ்கூலில் கடைசி வருஷம். நேராகவே சொல்கிறேன், கோச் செய்தது சரி.

ஒரு விதியைக் கவனியுங்கள். ஹைஸ்கூல் சாஃப்ட்பாலில் ஸ்டார்ட்டராக (ஆட்டம் தொடங்கும்போதே) இறங்கிய பெண்ணை வெளியே எடுத்தால், பேட்டிங் வரிசையில் அதே இடத்துக்கு ஒரு தடவை திரும்ப இறக்கலாம். வெளியே போனால் போனதுதான் என்று இல்லை. உங்கள் கோச் ஐந்தாவது இன்னிங்ஸில் எடுத்துவிட்டு ஏழாவதில் மறுபடி இறக்கியிருக்கலாம். அந்த வழியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எடுத்திருப்பார். திரும்ப இறக்காததற்கு அந்தக் கோட்டைவிட்ட பந்து காரணமாக இருக்காது. அந்த மூலையும் ஷூ லேஸும்தான் காரணம்.

பதினெட்டுப் பெண்கள் ட்ரையவுட்டுக்கு (அணித் தேர்வு) வந்து நின்று, இடம் கிடைக்காமல் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவதைப் பார்த்தவன் நான். களத்தில் நிற்பது ஒரு இடம், பெஞ்சில் உட்காருவதும் ஒரு இடம். இரண்டுக்கும் உரிய மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். இப்போது கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள், பின்னால் அவளே புரிந்துகொள்வாள். விடச் சொல்லாதீர்கள், அது ரொம்பத் தப்பு.

சுண்ணாம்புக் கோடு

நான் ஒரு ஹைஸ்கூலில் ஆறு வருஷமாக உதவி கோச். இன்ஃபீல்ட் (பேஸ்களைச் சுற்றி நிற்பவர்கள்) என் பொறுப்பு, அதனால் உங்கள் மகளைப் போன்ற மூன்றாம் பேஸ்காரிகளோடுதான் என் மாலை நேரம் முழுக்கப் போகிறது. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

முதலில் அந்த வார்த்தை. "ஆட்டிடியூட்" என்பது கோச்சுகள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டுகிற ஒரு மூட்டை. பயம், வெட்கம், சோம்பல், திமிர், தூக்கமின்மை, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். நானும் இப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன், பிறகு வருத்தப்பட்டிருக்கிறேன். ஒரு பதினைந்து வயசுப் பெண்ணிடம் "உன் ஆட்டிடியூடை மாத்து" என்றால் அவள் எதை மாற்றுவாள்? காலை எங்கே வை, கண்ணை எங்கே வை என்று சொன்னால் செய்வாள். அதனால் அந்த மூட்டையை அவிழ்க்கச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை. அதை யார் கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஆட்டத்தில் கவனம் என்றால் என்ன என்று பாருங்கள். பந்து வீசுகிற பிட்சர் நிற்பது, பேட்டர் நிற்கிற பிளேட்டிலிருந்து 43 அடியில். முன்பு ஹைஸ்கூலில் 40 அடியாக இருந்தது, 2010-11 கல்வி ஆண்டிலிருந்து தேசிய அளவில் 43 ஆனது. மணிக்கு 60 மைல் வேகத்தில் வருகிற பந்து அரை நொடிக்குள் பிளேட்டைத் தாண்டிவிடும். பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 60 அடிதான். பன்ட் வரும் என்று தெரிந்தால் மூன்றாம் பேஸ்காரி இன்னும் பல அடி முன்னால் வந்து நிற்கிறாள். அங்கே நின்றுகொண்டு யோசிக்க நேரமே கிடையாது, கால் தானாக எழ வேண்டும்.

ஆனால் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே நேரம் கிடக்கிறது. பந்து கைக்கு வந்த பிறகு பிட்சருக்கு விதிப்படி 20 நொடி. ஏழு இன்னிங்ஸ் முழுக்க அந்த இருபது இருபது நொடிகளைக் கூட்டிப் பாருங்கள், ஆட்டத்தின் பெரும்பகுதி அதுதான். உங்கள் மகள் தோற்பது பந்தோடு இல்லை, அந்த இருபது நொடியோடு. முந்தைய பந்தை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த பந்து வந்தபோது அவள் உடம்பு மட்டும்தான் மூன்றாவது பேஸில் நின்றது. அக்கறை இல்லாத பெண்ணுக்கு இது நடக்காது. அக்கறை அளவுக்கு மீறிப் போனவளுக்குத்தான் நடக்கும்.

அதற்காக நான் அதை விட்டுவிடச் சொல்லவில்லை. பிட்சர் பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு ரன் போய்விட்டது, முடிந்திருக்க வேண்டிய இன்னிங்ஸ் முடியவில்லை, அவள் நான்காவது அவுட் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறாள், அங்கே மூன்றாவது பேஸில் ஒருத்தி தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறாள். அந்தத் தலை பிட்சரின் தோளில் போய் உட்கார்ந்துவிடும். "என் பக்கம் அடிக்க விடு, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு குரல் வந்திருந்தால் அந்தப் பெண் எவ்வளவு லேசாக வீசியிருப்பாள்!

கென் ரவிஸ்ஸா என்று ஒரு விளையாட்டு உளவியல் ஆசிரியர் இருந்தார். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்ட்டன் வளாகத்தில் பல காலம் பாடம் நடத்தியவர், 2018இல் காலமானார். அந்தப் பல்கலைக்கழக பேஸ்பால் அணி 2004இல் தேசியப் பட்டம் வென்றபோது டக்அவுட்டில் ஒரு குட்டிப் பொம்மைக் கழிவறை இருந்தது, அவர் யோசனைதான். தப்பு விட்டவன் வந்து அதன் கைப்பிடியை அழுத்துவான், போன பந்தைத் தண்ணீர் ஊற்றி அனுப்பியாயிற்று என்று அர்த்தம். தொழில்முறை ஆட்டத்தில் மூன்றாம் பேஸ் ஆடிய எவன் லாங்கோரியா, மனசு கலையும்போது இடது பக்க ஃபவுல் கம்பத்தை (மைதான எல்லையைக் காட்டுகிற கம்பம்) பார்ப்பார். அதுவும் ரவிஸ்ஸாவிடம் கற்றதுதான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, மனசு தெளிவாக இருக்கும்போதே ஒரு இடத்தைத் தேர்ந்துவைத்துக்கொள்வது. கலங்கின நேரத்தில் தேடினால் கிடைக்காது.

எங்கள் அணியில் இரண்டு வருஷம் முன்பு ஒருத்தி இருந்தாள். உங்கள் மகளின் அச்சு. அவளுக்கு நானும் அவளும் சேர்ந்து ஒன்று கண்டுபிடித்தோம். தப்பு நடந்த உடனே பேஸுக்குப் பின்னால், புல்லும் மண்ணும் சேர்கிற ஓரத்துக்கு மூன்று அடி நடப்பாள். இடது ஷூ முனையால் மண்ணில் ஒரு கோடு கீறுவாள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்கும் வரை திட்டிக்கொள்ளலாம், அழலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பிறகு அதே ஷூவால் கோட்டை அழித்துவிட்டு, கிளவ்வின் உள்ளங்கையை முஷ்டியால் இரண்டு முறை குத்திக்கொண்டு, எத்தனை அவுட், பந்து வந்தால் எங்கே எறிவது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே முன்னால் வருவாள். அந்தச் சத்தம் முக்கியம். வாயால் அடுத்த பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டே மனசால் போன பந்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ரொம்பக் கஷ்டம். முதல் மூன்று ஆட்டம் ஒப்புக்குச் செய்தாள். நான்காவது ஆட்டத்தில், தப்பு எதுவும் நடக்காமலே, நடுவே ஒரு தடவை போய்க் கோடு போட்டு அழித்துவிட்டு வந்தாள். என்ன என்று கேட்டேன். "கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்துச்சு கோச்" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இதைப் பயிற்சியில் செய்யாமல் ஆட்டத்தில் எதிர்பார்க்க முடியாது. நான் செய்வது இது: வேண்டுமென்றே பிடிக்கவே முடியாத பந்து ஒன்றை அடிப்பேன், குறுக்கே குதித்து எகிறுகிற மாதிரி. அது போய்விடும். அடுத்த பத்து நொடிக்குள் சாதாரணப் பந்து ஒன்று. என் நோட்டில் முதல் பந்துக்குக் கணக்கே இல்லை, இரண்டாவது பந்தை மட்டும்தான் எழுதுவேன். பிடித்தாளா என்பதைக்கூடப் பெரிதாகப் பார்க்க மாட்டேன். பேட்டில் பந்து படும்போது குதிகால் தரையில் இருந்ததா, மேலே இருந்ததா? அது ஒன்றுதான் கேள்வி. குதிகால் பொய் சொல்லாது.

பெஞ்ச் பற்றி. ஏழாவது இன்னிங்ஸ் சார் சொன்ன திரும்ப இறக்கும் விதி சரி. ஆனால் "அவளே புரிந்துகொள்வாள்" என்பதை நான் ஏற்கவில்லை. வெளியே எடுக்கப்பட்ட பெண்ணுக்குக் கையில் வேலை இல்லையென்றால் மூலைதான் அவளுக்குக் கிடைக்கிற இடம். அதில் பாதிப் பிழை கோச்சுகளான எங்களுடையது. நான் வெளியே எடுத்தால் உடனே பென்சிலும் அட்டையும் கையில் கொடுத்துவிடுவேன். எதிர் பிட்சர் எந்த பேட்டருக்கு எத்தனையாவது பந்தில் வேகம் குறைத்துப் போடுகிறாள், அப்போது அவள் கிளவ்வுக்குள் கை அதிக நேரம் இருக்கிறதா, எழுது. இரண்டு இன்னிங்ஸ் எழுதிவிட்டுத் திரும்பக் களத்துக்குப் போகிற பெண், மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தயாராக இருப்பாள்.

2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தைத் தேடி உங்கள் மகளோடு பாருங்கள். ஆறாவது இன்னிங்ஸ், ஜப்பான் 2-0 முன்னிலை, அமெரிக்காவுக்கு முதல், இரண்டாம் பேஸில் ஆள், ஒரு அவுட். அமாண்டா சிடெஸ்டர் அடித்த அடி ஜப்பானின் மூன்றாம் பேஸ்காரி யூ யமமோட்டோவின் கையில் பட்டுத் தெறிக்கிறது. அவரால் பிடிக்க முடியவில்லை. ஆனால் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப் மனா அட்சுமி அதற்குள் பின்னால் வந்துவிட்டார். தெறித்த பந்தைத் தரையில் விழுமுன் பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிந்து இரட்டை அவுட். ஆட்டமே அங்கே முடிந்த மாதிரிதான். தன் பந்து இல்லாத பந்துக்கும் ஓடியவர் அவர். அதே ஆட்டத்தில் யுகிகோ உவெனோ ஆறாவது இன்னிங்ஸில் வெளியே எடுக்கப்பட்டார், ஏழாவதில் திரும்ப வந்து முடித்துக்கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 39. 2008 பெய்ஜிங்கில் இரண்டே நாளில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். அவரையே வெளியே எடுத்துத் திரும்ப இறக்கினார்கள். வெளியே வருவது அவமானம் இல்லை என்று நீங்கள் பத்து நிமிஷம் பேசுவதைவிட அந்த ஏழாவது இன்னிங்ஸைக் காட்டுவது மேல்.

நான் மன்னிக்காத விஷயங்களும் உண்டு. கூட ஆடுகிறவள் தப்பு விடும்போது கண்ணை உருட்டுவது. ஹெல்மெட்டை வீசி எறிவது, அதற்கு அம்பயரே நடவடிக்கை எடுப்பார். இன்னொன்று, பேட்டர் தான் அவுட் ஆக வேண்டிய மூன்றாவது ஸ்ட்ரைக்கில், பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் அதைத் தவறவிட்டது தெரியாமல், பேட்டை இழுத்துக்கொண்டு டக்அவுட்டுக்கு நடப்பது. முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ அவள் முதல் பேஸுக்கு ஓடலாம். பந்து கேட்சருக்குப் பின்னால் கிடக்கிறது, இவள் சோகமாக நடந்து வந்துகொண்டிருக்கிறாள். தன் சோகத்தை அணியைவிடப் பெரிதாக நினைத்த நொடி அது. உங்கள் மகள் செய்தது இதில் எதுவுமில்லை. ஆனால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கைதட்டாதது இதற்குப் பக்கத்தில் வருகிறது. அதை மட்டும் நீங்கள் அவளிடம் சொல்லலாம். கிளவ் தரையில் இருந்ததா என்பதை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

முகமூடிக்குள்ளே

வணக்கம் அங்கிள். நான் இப்போ காலேஜ் இரண்டாவது வருஷம். ஹைஸ்கூல்ல நாலு வருஷமும் கேட்சர். தமிழ்ல டைப் பண்ணப் பழகிட்டு இருக்கேன், தப்பு இருந்தா மன்னிச்சிருங்க.

மைதானத்துல எட்டுப் பேர் பிளேட்டைப் பார்த்து நிப்பாங்க. அவங்க எட்டுப் பேரையும் பார்த்து உட்கார்ற ஒரே ஆள் கேட்சர். அதனால எனக்கு எல்லாருடைய முகமும் தெரியும். கோச் அக்கா சொன்ன குதிகால் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. எனக்கு இன்னொண்ணும் தெரியும். ஒருத்தி தப்பு பண்ணினதும் முதல்ல எங்கே பார்க்கிறா? சில பேர் கோச்சைப் பார்ப்பாங்க, சில பேர் தரையைப் பார்ப்பாங்க. எங்க டீம்ல மூணு பேர் பார்வையாளர் பக்கம், அவங்க அப்பாவைத்தான் பார்ப்பாங்க. அதுல நானும் ஒருத்தி.

அங்கிள், உங்க குரல் எங்களுக்குக் கேட்கும். நூறு பேர் கத்தினாலும் நம்ம அப்பா குரல் தனியா கேட்கும், அதுவும் தமிழ்ல கத்தினா இன்னும் தனியா கேட்கும். என் அப்பா "கீழ குனி, கீழ குனி" அப்படின்னு சொல்லிக்கிட்டே இருப்பார். கோச் பன்ட்டுக்கு சிக்னல் காட்டிட்டு இருப்பாங்க, பிட்சர் என் விரலைப் பார்த்துட்டு இருப்பா, என் காதுல அப்பா. மூணு பேருக்கு ஒரே நேரத்துல என்னால பதில் சொல்ல முடியாது. பதினொண்ணாவது படிக்கும்போது ஒரு நாள் அழுதுட்டே சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவர் லெஃப்ட் ஃபீல்ட் வேலிப் பக்கம் போய் தனியா நின்னு பார்க்க ஆரம்பிச்சார். ஆட்டம் முடிஞ்சதும் தண்ணி பாட்டில் கொடுப்பார், பையை வாங்கிக்குவார். கார்ல அவரா ஆட்டத்தைப் பத்திப் பேச மாட்டார். நானா ஆரம்பிச்சா பேசுவார். ரெண்டு மூணு வாரத்துல நானே எல்லாத்தையும் கொட்ட ஆரம்பிச்சுட்டேன். அந்தக் கார் பயணம் எல்லாம் இப்போ ரொம்ப ஞாபகம் வருது.

என் தப்பையும் சொல்றேன். சீனியர் வருஷம் ஒரு அம்பயர் கீழ வர்ற பந்துக்கு ஸ்ட்ரைக் கொடுக்கவே இல்ல. எனக்குக் கோபம். பந்தைப் பிடிச்ச இடத்துலேயே கிளவ்வை ரெண்டு மூணு நொடி அசையாம வெச்சிருப்பேன், "பாருங்க எல்லாரும், இது ஸ்ட்ரைக்" அப்படின்னு காட்டற மாதிரி. அம்பயருக்குப் புரியாதா? அதுக்கப்புறம் ஓரத்துல வந்த பந்து ஒண்ணுகூட எங்களுக்கு ஸ்ட்ரைக்கா கிடைக்கல. அடி வாங்கினது யாருன்னா எங்க பிட்சர். அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, அதுதான் இன்னும் வலிச்சுது. நானும் வீட்ல நல்ல பொண்ணுதான் அங்கிள். களத்துல நாம வேற ஒரு ஆளா இருப்போம், அந்த ஆளையும் வளர்க்கணும்.

விடச் சொல்லாதீங்க. அவ கேட்டா மட்டும் யோசிங்க.

மூன்றாம்தளத்து அப்பா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளே, நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். நான் தமிழில்தான் கத்துகிறேன். அவளுக்கு மட்டும் புரியட்டும் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். அவளுக்கு மட்டும் குத்தியிருக்கிறது.

கோச் அம்மா, யார் கேட்க வேண்டும் என்று கடைசியில் சொல்வதாக எழுதியிருந்தீர்கள், விட்டுப்போய்விட்டது போல. நான் கோச்சுக்குப் பதில் மெயில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

சுண்ணாம்புக் கோடு

மன்னிக்கவும், பயிற்சிக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே அனுப்பிவிட்டேன். மெயிலை அனுப்பாதீர்கள். உங்கள் மகள்தான் கேட்க வேண்டும், நேரில். ஆட்டம் முடிந்த சூட்டில் வேண்டாம். பல பள்ளிகளில் பெற்றோருக்கு 24 மணி நேரம் பொறுக்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் அதே நல்லது. பயிற்சிக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய், "நான் என்ன செஞ்சா எனக்குக் கவனம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். எப்போது மறுபடி ஆட விடுவீர்கள் என்று கேட்கவே வேண்டாம். முதல் கேள்விக்கு நல்ல கோச் ஒரு காரியத்தைச் சொல்வார், இரண்டாவது கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். அவள் கேட்கப் பயந்தால் வீட்டில் உங்களைக் கோச்சாக வைத்து ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் திருத்தாதீர்கள்.

ஏழாவது இன்னிங்ஸ்

கோச் அம்மா சொன்ன பென்சில், அட்டை விஷயத்தை யோசித்துக்கொண்டே இருந்தேன். என் மூத்த மகள் இரண்டாவது வருஷம் முழுக்க பெஞ்சில் இருந்தாள். யாரும் அவள் கையில் எதுவும் கொடுக்கவில்லை. நானும் "பொறுத்துக்கோ" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவள் பொறுத்துக்கொண்டாள், ஆனால் அந்த வருஷத்தைப் பற்றி இன்றுவரை பேசுவதில்லை. முன்பு எழுதியதில் "பின்னால் அவளே புரிந்துகொள்வாள்" என்ற அந்த ஒரு வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மூன்றாம்தளத்து அப்பா

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அவளே போய்க் கேட்டாள். கோச் இரண்டு விஷயம் சொன்னாராம். தப்பு நடந்தால் முதலில் பிட்சரிடம் போய் ஒரு வார்த்தை பேசு. பெஞ்சில் இருந்தால் என் பக்கத்தில் வந்து நில். அவ்வளவுதான். "ஆட்டிடியூட்" என்ற வார்த்தையைக் கோச் சொல்லவே இல்லை என்றாள்.

டோக்கியோ ஆட்டத்தைச் சேர்ந்து பார்த்தோம். அந்த இரட்டை அவுட்டை ஆறேழு தடவை ஓட்டிப் பார்த்தாள். நான் யமமோட்டோவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் அட்சுமியின் காலைக் காட்டினாள். பந்து பேட்டில் படுவதற்கு முன்பே அந்தக் கால் கிளம்பத் தயாராக இருப்பதை.

முதல் ஆட்டத்தில் பெஞ்சில்தான். கோச் பக்கத்தில் நின்றாள். நேற்றைய ஆட்டத்தில் மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து ஆடினாள். நான் லெஃப்ட் ஃபீல்ட் வேலிப் பக்கம் போய் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் அவள் எறிந்த பந்து ஒன்று முதல் பேஸ்காரியின் தலைக்கு மேலே போய்விட்டது. என் மனசு அடித்துக்கொண்டது. அவள் ஒரு நிமிஷம் குனிந்தாள். பிறகு பிட்சரிடம் நடந்துபோய் கிளவ்வால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பிட்சர் தலையாட்டினாள். திரும்பி வரும்போது பேஸுக்குப் பின்னால் ஷூவால் மண்ணைத் தேய்த்தாள். கோடு பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை, இந்தப் பக்கத்தை அவளும் படித்திருக்கிறாள் போல.

அடுத்த பந்து அவளிடம் வரவில்லை, செகண்ட் பேஸ் பக்கம் போய் அவுட் ஆயிற்று. ஆனால் வேலியிலிருந்து பார்த்தபோது குதிகால் மேலே இருந்தது. ஆட்டத்தில் தோற்றோம், 6-4.

காரில் பாதி தூரம் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு அவளாகவே, "அந்த பன்ட் போடுற பொண்ணோட டீம் அடுத்த வாரம் மறுபடி வருதுப்பா. நீ பந்தை உருட்டி விடறியா? ஒரு வாளி போதும்" என்றாள். சனிக்கிழமை காலை பள்ளி மைதானம் காலியாக இருக்குமாம். எவ்வளவு முன்னால் நின்று உருட்ட வேண்டும் என்று அவள்தான் அளந்து சொல்லப்போகிறாள்.